தாளுக்கு வெளியே போன பேக்கிங் கட்டம்

9, திங்கள்
காலையிலேயே வெக்கை. மண்ணரை பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை.

வியாழனுக்குள் எங்கள் கைடு சார் ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்ப வேண்டும். அதிலுள்ள ஆடை தயாரிப்புப் படம்: நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பேக்கிங். ஆறு கட்டம், ஒரே வரிசை. லேடெக்ஸ் மென்பொருளில் ‘இதற்கு வலப்பக்கம் அது’ என்று ஒன்றையொன்று பிடித்து நிற்கும்படி போட்டது. சனிக்கிழமை கச்சிதமாக இருந்தது. இன்று பேக்கிங் பாதி தாளுக்கு வெளியே!

சாயப் பட்டறையில் கேட்ட ‘வெளுத்தல்’ என்பதை நேற்று போனிலேயே சாயக் கட்டத்தில் சேர்த்தேன். மற்றபடி எதையும் நகர்த்தவில்லை. ஃபைல் எனக்கும் என் ஜூனியர் ரேவதிக்கும் மட்டும்தான் திறக்கும். கட்டுரையில் என் பேர் முதலில், அவள் பேர் இரண்டாவது. அது உறுத்துகிறதோ?

இடைவெளியைக் குறைத்துச் சரிசெய்தாயிற்று.

10, செவ்வாய்
மறுபடி வெளியே. ரேவதி ஊத்துக்குளி வெண்ணெய் கொண்டுவந்து தந்தாள். திடீரென்று என்ன பாசம்?

“படம் நவுந்திருக்கே, நீ ஏதாச்சும் பண்ணுனியா?”

“இல்லீங்க்கா. ஃபைல்லயே எழுதி வெச்சனே, பாக்கலீங்களா?”

படத்தை உற்று உற்றுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மழுப்புகிறாள்.

வாங்க வேண்டியது: டீத்தூள், சோப்பு. திரும்பும்போது பஸ்ஸில், சாயக் கட்டத்தில் ‘துவைத்தல்’ சேர்த்தேன்.

11, புதன்
இன்றும் அதே கதை. பொறுக்க முடியாமல் சாரிடம் சொல்லிவிட்டேன்.

“ஏம்மா, அவதான்னு உறுதியாத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

அப்படியென்றால் கட்டுரையிலிருந்து அவள் பேரை எடுத்துவிடுவதாகச் சொன்னார். ஒரு நிம்மதி. ரேவதிக்கு ஃபைல் திறக்காதபடி செய்துவிட்டேன். படத்தைச் சரிசெய்து, சாருக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு, ‘உலர்த்தல்’ சேர்த்து மூடினேன்.

12, வியாழன்
தூறல். படம் நகர்ந்திருக்கிறது. என்னைத் தவிர யாராலும் திறக்க முடியாத ஃபைல்.

முதன்முறையாகப் படத்தை விட்டு, அதை வரையும் கட்டளை வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். சாயக் கட்டத்துக்கு மேலே, படத்தில் வராத குறிப்பு வரி. போன வாரமே எழுதியது:

‘அக்கா, இதுல வார்த்தை சேத்தா கட்டம் அகலமாயி வலப்பக்கம் இருக்கறதையெல்லாம் தள்ளுதுங்க. அகலத்த அளவா வெச்சுட்டா எழுத்து மடங்கிக்கும், கட்டம் நவுறாது. – ரேவதி’

அகலத்தை அளவாக வைத்தேன். நகரவில்லை. தள்ளியதெல்லாம் நான்தான். வெட்கமாக இருக்கிறது.

சார் அறைக்கு ஓடினேன்.

“காலைலயே அனுப்பிட்டனேம்மா. உன் பேரு மட்டுந்தான்.”

திரும்பி வந்தால் என் மேஜையருகே ரேவதி.

“ஃபைலு எனக்குத் தொறக்க மாட்டீங்குதுங்க்கா. படம் சரியா நிக்குதுங்களா?”

நிற்கிறது என்றேன்.