விசில் அடிக்கும் வண்டி

நவம்பர் 17, திங்கள்

தாவணகெரேயிலிருந்து மக்காச்சோளம் ஏற்றி வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் வண்டியில் புதிதாக ஒரு விசில் சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஊதுகிறது, காலை எடுத்தால் நிற்கிறது. பின்னால் கரும்புகை வேறு. தீவன ஆலை வாட்ச்மேன், "திருவிழாவுல பீப்பீ வாங்கிட்டீங்களாண்ணா?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 18

வெண்ணந்தூர் வீட்டு வாசலிலேயே காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஆயில் கசிந்திருக்கிறது. டர்போதான். இரண்டு கையில் அடங்குகிற சாமான். அது இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தராவிட்டால் இத்தனை பெரிய லாரி மேட்டைக் கண்டதும் முக்குகிறது.

மோப்பம் பிடித்தது போல் காளிதாஸ் வந்துவிட்டான். என் மனைவி சத்யபிரியாவின் தம்பி. நாலு லாரிக்கு முதலாளி, நடப்பதென்னவோ நாற்பது லாரிக்காரன் மாதிரி.

"மாமா, புதுசு போடறதுன்னாப் போடுங்க. இல்லீனா வண்டிய எனக்குக் குடுத்துட்டு என்ற வண்டியில ஏறிக்கோங்க. மாசமான சம்பளம், நிம்மதி."

மச்சினனிடம் கைநீட்டிச் சம்பளமா? இருபது வருஷம் சொந்த வண்டி ஓட்டியவன் நான்! ராத்திரி சோறே இறங்கவில்லை. சரி, பொய் எதற்கு, இறங்கியது. ரசம் நன்றாக இருந்தது.

நவம்பர் 19

சேலம் போய் விசாரித்தேன். கடைக்காரர் புதுசுதான் போட வேண்டும் என்கிறார். டீக்கடையில் ஒரு டிரைவர் பழசையே பிரித்துச் சரிபண்ணி ரீகண்டிஷன் செய்தாலே போதும் என்கிறார். பக்கத்தில் இருந்தவர் அதெல்லாம் நிற்கவே நிற்காது என்கிறார். இரண்டு பேரும் சண்டைக்கு நின்றுவிட்டார்கள். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 20

புதுசா, ரீகண்டிஷனா? காலையில் ஒரு மனசு, மத்தியானம் ஒரு மனசு.

நவம்பர் 21

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

காளிதாஸ் மறுபடி வந்தான். "ரீகண்டிஷன் டர்போவுல தொப்பூர் மேடா? பாதியில நிப்பீங்க மாமா, நாந்தான் வந்து கட்டி இழுக்கோணும்" என்றான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ—"லோடோட ஏறிக் காட்டறேன்டா! ஏறலீனா வண்டி உனக்கு!"

சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள் சத்யபிரியா. "ஏனுங்க, ஆர்சி என்ற பேர்லயில்ல இருக்குது? என்ற வண்டிய என்னக் கேக்காமப் பந்தயம் கட்டறீங்களா?"

அதுவும் உண்மைதான். காளிதாஸ் மட்டும் சிரித்துக்கொண்டே கை கொடுத்துவிட்டுப் போனான். பயமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 24, திங்கள்

சேலத்தில் யாகப்பன் பட்டறை. டர்போ வேலை மட்டுமே செய்கிறவர். "ஓனரு இல்லாம ஒரு முடிவும் எடுக்கப்படாது" என்று சத்யபிரியாவும் கூடவே வந்தாள்.

யாகப்பன் டர்போவைக் கழற்றி, நடுத்தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். ஆடியது. இறக்கைகளின் ஓரமெல்லாம் எலி கடித்தது போல் தேய்ந்திருக்கிறது.

"மேல்கூடு பழுதில்லீங்க, ஒரசலுமில்ல. நடுவுல இருக்கறத மாத்தி, பேலன்ஸ் பண்ணிப் போட்டா புதுசாட்டமே ஓடும். ஆனா ஒண்ணு. புதுசே போட்டாலும் இதத் தின்ன மண்ணு அதையும் தின்னுரும். ஏர் பில்டரக் கழட்டிட்டு வாங்க."

கழற்றிக் கொண்டுவந்தேன். காகித மடிப்பெல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, பசை போட்டு ஒட்டிய ஓரம் வாயைப் பிளந்திருக்கிறது. தகரத்தின் மேல் ஜம்மென்று ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்!

"இத யாருங்க குளிப்பாட்டினது?" என்றார் யாகப்பன்.

சத்யபிரியா குனிந்து பார்த்தாள். "இந்த அகலத்துக்குப் பொட்டு வைக்கறது என்ற தம்பி ஒருத்தன்தானுங்க."

ஆயுத பூஜை! நான் பொரிகடலை வாங்கப் போயிருந்தேன். வாட்டர் சர்வீஸில் அவன் தன் வண்டிகளோடு என்னுடையதையும் நிறுத்தி, பக்தியில் ஒரு சாமானையும் விடாமல் பைப்பால் அடித்துக் கழுவியிருக்கிறான்.

"பொட்டு வெச்சது தப்பில்லீங்கம்மா. எங்க மாதா கோயில்லயும் சாமியார் வண்டி மந்திரிப்பாரு. ஆனா பில்டரு பேப்பருங்க. தண்ணி பட்டாப் பிஞ்சு, தூசியெல்லாம் நேரா உள்ள போயிரும்."

நான் சத்யபிரியா முகத்தைப் பார்த்தேன். "ரீகண்டிஷனே பண்ணுங்க. பில்டர மட்டும் புதுசாப் போடுங்க" என்றாள். அப்பாடா! முடிவெடுக்க ஒரு ஓனர் இருப்பதும் நல்லதுதான்.

வெளியே வந்ததும் காளிதாஸுக்குப் போன் போட்டு, அவன் பில்டர்களையும் பார்க்கச் சொன்னேன். "போங்க மாமா, உங்க வண்டி படுத்ததுக்கு என்ற பூஜையக் குத்தம் சொல்றீங்களா? என்ற வண்டியெல்லாம் ஜோரா ஓடுது" என்று வைத்துவிட்டான்.

நவம்பர் 27

டர்போ மாட்டியாயிற்று. விசில் இல்லை. காதுக்கு என்னவோ போல் இருக்கிறது.

நவம்பர் 29, சனி

ஜவ்வரிசி லோடு. கேபினில் ஒரு பக்கம் காளிதாஸ், நடுவில் சத்யபிரியா. தொப்பூர் மேடு தொடங்கும்போது கியரைக் குறைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு எந்தெந்தச் சாமியையோ கூப்பிட்டாள்.

ஏறிவிட்டது! ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை, புகையும் இல்லை. மேட்டின் தலைக்குப் போனதும் ஹாரனை விடாமல் அடித்தேன். "செவுடாப் போயிரும் மாமா" என்றான் காளிதாஸ். டீ அவன்தான் வாங்கிக் கொடுத்தான், வடையும்.

டிசம்பர் 4

காலையில் வாசலில் விசில் சத்தம். தூக்கிவாரிப் போட்டது. எட்டிப் பார்த்தால் என் வண்டி அணைந்துதான் நிற்கிறது. கேட்டுக்கு வெளியே காளிதாஸின் லாரி. அவனே ஓட்டி வந்திருக்கிறான்.

இறங்கினான். என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு, "மாமா, அந்த யாகப்பன் பட்டறைக்கு எப்பிடிப் போறதுங்க?" என்றான்.

"இந்த ஒரு வண்டிதானா?"

"அன்னைக்கு நாலுக்குந்தான மாமா பூஜை போட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் சத்யபிரியா முறைத்தாள். "சிரிக்கறதுன்னா அக்கட்டாலப் போய்ச் சிரிங்க. அவன் என்ற தம்பி." சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

அவனை உட்காரச் சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் எங்கள் லாரிக்குப் பின்னால் ஓடினேன். எனக்கு முன்னாலேயே அவள் அங்கே நின்று, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.