பத்து வருஷக் கணக்கு

இளவேனிலின் அப்பாவுக்கு,

நேற்று சிங்கப்பூரிலிருந்து நீங்கள் போனில் பேசியபோது குரலில் அத்தனை சந்தோஷம். வரி குறையும் என்று வருஷா வருஷம் ஓய்வுக்காலக் கணக்கில் பணம் போட்டு வந்தீர்களே, அதற்கு அடுத்த வாரம் பத்து வருஷம் முடிகிறதாம். அபராதம் இல்லாமல் மொத்தத்தையும் எடுத்துவிடலாமாம். "இனிமே எந்த ஆஸ்பத்திரி வேணும்னு நீயே சொல்லு" என்றீர்கள். குறுக்கே பேச எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பெங்களூரில் நம் அடுகோடி வீடு அப்படியேதான் இருக்கிறது. கீழே லேத் பட்டறைச் சத்தம் விடிந்ததுமே ஆரம்பித்துவிடுகிறது. சிவாஜிநகர் போய், முடி கொட்டிய தலைக்குக் கட்ட இரண்டு பருத்தி ஸ்கார்ஃப் வாங்கி வந்தேன். குளிருக்கு என்று இளவேனிலிடம் சொன்னேன். அவள் ஒன்றை வாங்கி என் தலையில் கட்டிவிட்டாள்.

எனக்குப் புது மருந்தைத் தொடங்கலாம் என்று டாக்டர் சொன்னது தை மாதம். "எட்டு மாசம் பழைய மருந்துலயே ஓட்டும்மா. இப்ப பணத்தை எடுத்தா அபராதமும் கட்டி, முழுசுக்கும் வரி கட்டணும்" என்றீர்கள். நானும் சரி என்றேன். கணக்குப் பார்த்தால் நீங்கள் சொன்னதில் தப்பே இல்லை.

திங்கட்கிழமை டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். "இனிமே மருந்து பேடம்மா, வேண்டாம்" என்றார். வீட்டிலேயே இருந்து பிடித்ததைச் சாப்பிடச் சொன்னார். வரும் வழியில் மசாலா தோசை சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

ஆகவே பணத்துக்கு இப்போது அவசரமில்லை. ஒரு சிங்கப்பூர் வெள்ளிகூட வீணாகாமல் நிதானமாக எடுங்கள். விமான டிக்கெட்டை மட்டும் இன்றே எடுத்துவிடுங்கள்.

உங்கள் மனைவி