சிவப்பு நூல் சுற்றிய காது

மைனி,

இன்று காலை தையல் மிஷின் டிராயரைச் சுத்தம் செய்தபோது நம்முடைய இயர்போன் கிடைத்தது. பாபின்களுக்கும் உடைந்த ஊசிகளுக்கும் அடியில் சுருண்டு கிடந்திருக்கிறது. இடது காதுக்குப் போகும் வயரில், அது உங்கள் பக்கம் என்ற அடையாளத்துக்கு நீங்கள் சுற்றி முடிச்சுப் போட்ட சிவப்பு நூல் அப்படியே இருக்கிறது. சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிற நூல். நீங்கள் தலையில் வைக்கும் எண்ணெயின் வாசம் அதில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. யாரும் பார்க்காதபோது மோந்து பார்த்தேன்.

அதைக் கண்டெடுத்தது நான் இல்லை, அண்ணனின் மனைவி. இப்படி உங்களிடமே எழுதக் கை கூசுகிறது. உங்களுக்குப் பிறகு வந்தவர். நீங்கள் உட்கார்ந்து தைத்த அதே மிஷினில் இப்போது அவர் தைக்கிறார். கரிவலம்வந்தநல்லூருக்குப் பெண் பார்க்கப் போனபோது நானும் போனேன். "என்னட்டி, பிடிச்சிருக்கா?" என்று அம்மா காதோரம் கேட்டபோது தலையாட்டினேன். அண்ணன் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்த மாதங்களைப் பார்த்தவள் வேறு என்ன செய்வேன்? ஆனாலும் தலையாட்டியது என் தலைதான்.

"இது யாருக்குள்ளது?" என்று வாசல்படியில் நின்று கேட்டார். என் அறைக்குள் அவர் இதுவரை வந்ததில்லை.

"என்னோடதுதான்" என்றேன்.

வாங்கிக்கொண்டு நன்றிகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எப்படிக் கூப்பிட்டிருப்பேன்? அதுதான் இந்த வீட்டில் இப்போது என் சிக்கல். வந்த நாள் முதல் அவரை நான் எந்த வார்த்தையாலும் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்று ஆரம்பிப்பேன், அல்லது பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமுவேன். அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "ஏட்டி, வாய் நெறைய மைனின்னு கூப்பிட்டா நீ என்ன கொறஞ்சா போயிருவ? அந்தப் பிள்ளை மூஞ்சிய நீ பாக்கியா இல்லையா?" பார்க்கிறேன். அதனால்தான் இன்னும் கஷ்டம்.

அந்த வார்த்தை உங்களுடையது.

நம் நாடகத்தை முதல்முதலில் உங்களுக்குப் போட்டுக் காட்டிய சாயங்காலம் நினைவிருக்கிறதா? சிவகிரிப் பள்ளி ஆபீஸில் வேலை முடித்து பஸ்ஸில் வரும்போது நான் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது. யாரோ சில இளைஞர்கள் தமிழில், குரலாலும் சத்தத்தாலும் மட்டுமே நடத்திய விண்வெளிக் கதை. படிக்கிற புத்தகங்களைப் பற்றிக்கூட யாரிடமும் பேசாதவள் நான். அன்று என்ன தோன்றியதோ, ஒரு பக்கத்தை உங்கள் காதில் வைத்தேன். மடியில் ஒரு சேலையோடு இருந்தீர்கள்.

"படம் எங்கட்டி?"

"படம் கிடையாது மைனி. காதால கேக்கணும்."

"அப்ப ரேடியோ நாடகம்னு சொல்லு. ரேடியோவுல ராக்கெட் விடுதானாக்கும்!"

சிரித்தீர்கள். ஆனால் பாதியில் ஊசி நின்றுவிட்டது. மறுநாள் நான் செருப்பைக் கழற்றுமுன் "அந்தக் கப்பல்காரி என்ன ஆனா?" என்று கேட்டீர்கள்.

அந்தக் கப்பல்காரியின் பெயர் ஆதிரை. கப்பலின் பெயர் பொறுமை. அதில் இருந்த ஒரே மனுஷி அவள். கூட இருந்தது கப்பலை ஓட்டுகிற இயந்திரம். அதற்கு அவள் வைத்த பெயர் துணை. எதைச் சொன்னாலும் முதலில் "கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஆதிரை" என்றுதான் அது பேச ஆரம்பிக்கும். அந்த ஒரே வரியை அந்த நடிகை எத்தனை விதமாகச் சொன்னார்! சலிப்போடு ஒருமுறை, பயந்து ஒருமுறை, ஆதிரை பொய் சொல்கிறாள் என்று தெரிந்தும் தெரியாததுபோல ஒருமுறை. முகமில்லாத ஒன்றுக்கு மூச்சை மட்டும் வைத்து மனசைக் கொடுத்துவிட்டார். என் மனக்கண்ணில் துணை என்றால் இருட்டில் ஒரு சின்ன விளக்கு, அவ்வளவுதான். உங்களுக்கு அப்படி இல்லை. "எங்க ஊரு போஸ்ட் ஆபீஸ் அக்கா மாதிரி இருப்பா. குட்டையா, கண்ணாடி போட்டு" என்றீர்கள். உங்கள் பனவடலிசத்திரத்து போஸ்ட் ஆபீஸ் அக்கா அன்றிலிருந்து நட்சத்திரங்களுக்கு நடுவே கப்பல் ஓட்டினார். இன்றுவரை எனக்கும் அந்த முகம்தான்.

ஆதிரையை உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "பாவம் துணை. கப்பல்காரி, பூமியில உள்ளவிய, எல்லாரும் அவகிட்ட வேலை சொல்லுதாவ. நீ எப்படி இருக்கன்னு ஒருத்தராவது கேக்காவளா பாரு" என்பீர்கள், நூலைப் பல்லால் கடித்தபடி. அப்போது உள்ளே இருந்து அம்மா காபி கேட்பாள், அண்ணன் சட்டை கேட்பான். எழுந்து போவீர்கள். நாடகத்தை நிறுத்திவைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் துணையைப் பற்றித்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன், மைனி. அத்தனை புத்தகம் படித்தவளுக்கு அது அப்போது புரியவில்லை.

நமக்கு அந்த நாடகத்தில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது கப்பலின் எஞ்சின் சத்தம். வசனத்துக்கு அடியில், கனமாக, ஒரே சீராக, கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். ஆதிரை தூங்கும்போதும் அது தூங்காது. "எவனோ ஒருத்தன் அந்த எஞ்சினுக்குன்னே பொறந்திருக்கான்" என்று பாராட்டினீர்கள். அது நின்ற சாயங்காலத்தை மறக்கவே முடியாது. துணைக்கு நினைவு தப்பிக்கொண்டிருக்கிறது. "துணை, இருக்கிறாயா?" என்று ஆதிரை கேட்கிறாள். பதில் இல்லை. சட்டென்று எஞ்சின் நின்றுவிட்டது. அப்படி ஒரு அமைதி. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள். "நின்னு போச்சுட்டி... நின்னே போச்சு." இரண்டு பேரும் அழுதோம். வேர்த்துக் கொட்டியதுகூடத் தெரியவில்லை. அம்மா வந்து, "கரண்டு போயி எவ்வளவு நேரமாச்சு, ரெண்டும் இங்கன உக்காந்து என்னத்துக்கு அழுதிய?" என்று விசிறியை வீசிவிட்டுப் போனாள்.

அப்போதும் நமக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் துணைக்கு நினைவு திரும்பியது. கடைசிப் பகுதி வருவதற்குச் சில மாதமாகும் என்றார்கள். அதற்குள் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோக கார் வாசலில் நின்றபோது, அண்ணன் தோளில் சாய்ந்தபடி என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் வாரதுக்குள்ள கேட்டுராத, என்ன?" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். சரி என்றேன்.

கடைசிப் பகுதி வந்து வெகுகாலமாகிறது. நான் கேட்கவில்லை. கேட்டால் கதை முடிந்துவிடும், நீங்கள் வரமாட்டீர்கள் என்பதும் அதோடு முடிவாகிவிடும்.

ஆனால் பழைய பகுதி ஒன்றைக் கேட்டேன். ஒரு பயிற்சிக்காகத் திருநெல்வேலி போயிருந்தபோது, விடுதி அறையில், நீங்கள் பக்கத்தில் இருப்பதுபோல ஆகட்டுமே என்று. ஆதிரை பேசினாள். துணை பேசியது. எஞ்சினைக் காணோம். போனில்தான் கோளாறு என்று அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். வேறு பகுதிகளைப் போட்டுப் பார்த்தேன். எதிலும் இல்லை. பொறுமை சத்தமே இல்லாத கப்பல், மைனி. அந்த இளைஞர்கள் அதற்கு எஞ்சின் சத்தம் வைக்கவே இல்லை.

நாம் கேட்டது பக்கத்துத் தறிக்கூடம். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் பகலெல்லாம் ஓடுகிற பவர்லூம். பிறந்ததிலிருந்து கேட்டதால் எனக்கு அது சத்தமாகவே காதில் விழுந்ததில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சத்தத்தில் உங்களுக்குத் தலைவலி வரும். பிறகு நீங்களும் மறந்துவிட்டீர்கள். ஆளுக்கு ஒரு காதில் நாடகம், மறு காது திறந்து கிடந்தது. அந்தக் காது வழியாக நம் தெருவின் தறிகளே கப்பலை ஓட்டியிருக்கின்றன. கரண்டு போனதற்காக நாம் அழுதிருக்கிறோம்.

சிரிப்பாகத்தான் வந்தது. ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் கப்பலின் எஞ்சினை நீங்கள் இல்லாத நேரம் பார்த்துக் கழற்றியவள்போல உட்கார்ந்திருந்தேன். ஊருக்கு வந்தும் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

இன்று மத்தியானம் அவர் மறுபடி என் வாசல்படிக்கு வந்தார். கையில் தைக்க வேண்டிய சேலை.

"அதுல பாட்டு கேப்பியளா?"

"இல்ல. நாடகம்."

"நாடகமா? நானும் கேக்கலாமா? சும்மா தைக்கதுக்கு..." என்று ஆரம்பித்தவர், "இல்ல, வேண்டாம், உங்களுக்கு வேலை இருக்கும்" என்று தானே முடித்துக்கொண்டார்.

இந்த வீட்டில் யாரும் அவரிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. நான் கேட்டதில்லை.

"வாங்க" என்றேன்.

சிவப்பு நூல் சுற்றியதை என் காதில் வைத்துக்கொண்டேன். என்னுடையதை அவருக்குக் கொடுத்தேன். முதல் பகுதியிலிருந்து போட்டேன். கொஞ்ச நேரத்தில், நீங்கள் நிறுத்திய மாதிரியே, ஊசியை நிறுத்தினார்.

"கப்பல் சத்தம் நெசமாட்டமே இருக்கே. அடிவயித்துல வந்து அதிருது. எப்படித்தான் செஞ்சாவளோ!"

சொல்லியிருக்கலாம். சுவரைக் காட்டியிருந்தால் போதும். அவர் காதில் பொறுமை அப்போதுதான் கிளம்பியிருந்தது. "ஆமா, நல்லா செஞ்சிருக்காவ" என்றேன்.

பகுதி முடிந்ததும் வயரைச் சுருட்டிக் கொடுத்தார். விரல் நூல்மேல் நின்றது.

"இந்தச் சிவப்பு நூல் எதுக்கு? பிரிச்சிரட்டுமா?"

"வேண்டாம். அது மைனிக்குள்ளது, மைனி."

என் வாயிலிருந்துதான் வந்தது. ஒரே மூச்சில் இரண்டு தடவை. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நூலை ஒருமுறை நீவிவிட்டு வயரை என் உள்ளங்கையில் வைத்தார். "நாளைக்கும் போடுவியளா?" என்று மட்டும் கேட்டார்.

உங்களிடம் கேட்காமல் உங்கள் வார்த்தையைக் கொடுத்துவிட்டேன். நீங்கள் கோபப்படமாட்டீர்கள் என்று எழுதிவிட்டால் எனக்கு லேசாகிவிடும், அதனால் எழுதவில்லை. கடைசிப் பகுதிக்கு இன்னும் நிறையத் தூரம் இருக்கிறது. அங்கே போகும்போது கேட்பேனா, தெரியாது. கேட்டால், தறி ஓடுகிற நேரமாகப் பார்த்து, இந்த வீட்டில் உட்கார்ந்து, உங்கள் காதால் கேட்பேன்.