அப்புறம் என்றொரு பெட்டி

அன்புத் தங்கைக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றினால், முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. உன் பதினொரு மெயிலையும் நேற்றுக் காலை பதினொன்றரை மணிக்குத்தான் பார்த்தேன். அதற்கு முன்னால் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. இதை நீ நம்பினால்தான் மேற்கொண்டு எழுதுவதில் அர்த்தம் உண்டு. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

என் வேலை உனக்குத் தெரியும். இருநூறு பேர் இருக்கும் ஆபீஸில் யாருடைய கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தாலும் என்னிடம்தான் வருவார்கள். பாதி வியாதிக்கு ஒரே மருந்து, அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவது. மீதியில் ஒயர் கழன்றிருக்கும், இல்லாவிட்டால் பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் தட்டிக்கொண்டு திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். மாடிக்கு மாடி ஏறி இறங்கிக் கால் தேய்ந்ததில் ஒரு சட்டம் போட்டேன். வாயால் சொல்லும் புகாரை எடுத்துக்கொள்வதில்லை. யார் வந்து நின்றாலும் "மெயில் போடுங்க" என்பேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'மெயில்போடு மேடம்' என்று பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

நேற்று மூத்த டைப்பிஸ்ட் என் மேசை முன்னால் வந்து நின்றார். ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, அதிர்ந்து பேசத் தெரியாதவர். "முந்தாநாளே மெயில் போட்டேம்மா, யாரும் வரலையே" என்றார். எனக்கு எதுவும் வரவில்லை என்றேன். போட்டேன் என்றார். "எழுதிட்டு அனுப்ப மறந்திருப்பீங்க" என்று கேலி செய்துகொண்டே அவர் இடத்துக்குப் போனேன். நெட் இருந்தது. அவருடைய மெயில் பெட்டி நிரம்பவில்லை. என் முகவரியில் ஓர் எழுத்துக்கூடப் பிசகில்லை. அனுப்பியவற்றைத் திறந்தால், முந்தாநாள் காலை பத்து மணிக்குப் போனதாக அது பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறது. தலைப்பு, 'அவசரம். பிரிண்டர் தாளை மெல்லுகிறது.' அங்கே கோளாறு இல்லையென்றால் கோளாறு என்னிடம். தலைப்பின் முதல் வார்த்தையைப் பார்த்ததுமே எனக்குப் பொறி தட்டியது.

போன வருஷம் எங்கள் மேனேஜர் எல்லாருக்கும் ஒரு யோசனை சொல்லிக் கொடுத்தார். மெயிலின் தலைப்பில் 'அவசரம்' என்று போட்டால்தான் நான் அசைவேன் என்று. அன்றிலிருந்து மௌஸ் தொலைந்தால் அவசரம், திரையில் பூப்படம் மாற்ற அவசரம். காபி மெஷினுக்கும் எனக்கும் என்ன சம்பந்தமோ, அதுவும் அவசரம். எரிச்சலில் ஒரு நாள் என் மெயிலுக்கு ஒரு விதி எழுதிவைத்தேன். தலைப்பில் அந்த வார்த்தை இருந்தால், அந்த மெயில் என் கண்ணில் படாமல், படித்தாயிற்று என்ற குறியோடு நேரே ஒரு தனிப் பெட்டிக்குப் போய்விடும். பெட்டிக்கு 'அப்புறம்' என்று பெயர் வைத்தேன். வைத்துவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். உண்மையான அவசரம் என்றால் ஆளே வந்து நிற்கும் என்பது என் எண்ணம். வெள்ளிக்கிழமைதோறும் திறந்து பார்ப்பதாக உத்தேசம். இரண்டு வெள்ளிக்கிழமை பார்த்தேன். அப்புறம் அப்படி ஒரு பெட்டி இருப்பதே மறந்துபோயிற்று.

நேற்று திறந்தபோது உள்ளே ஆயிரத்து முந்நூறுக்கு மேல் கிடந்தன. மேலேயே டைப்பிஸ்டின் மெயில். மூடப் போனவள், கொஞ்சம் கீழே உன் பெயரைப் பார்த்தேன். இன்னும் கீழே போனால் மறுபடியும் உன் பெயர். எண்ணினேன். பதினொன்று.

மேனேஜரின் அக்கா மகனை உனக்குப் பேசி, நீ மாட்டேன் என்று சொன்ன அன்றைக்கு நான் போனில் என்ன கத்தினேன் என்று உனக்கு நினைவிருக்கும். எனக்கு நேற்றுதான் நினைவு வந்தது. "இனிமே போனும் பண்ணாதே, மெசேஜும் போடாதே. ஏதாவது இருந்தா ஆபீஸ் மெயிலுக்கு எழுது. தலைப்புல அவசரம்னு போடு, அப்பதான் திறப்பேன்." ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், கூடப்பிறந்தவளிடமும் அதையே சொல்லியிருக்கிறது. விதியை அதற்கு ஒரு மாதம் கழித்து எழுதினேன். சின்ன வயதிலிருந்து நான் சொன்ன எதையும் நீ கேட்டதில்லை. இதை மட்டும் ஓர் எழுத்து மாறாமல் கேட்டிருக்கிறாய், பதினொரு தடவையும்.

முதல் மெயிலில் தொண்டையில் கட்டி என்று எழுதியிருக்கிறாய். இரண்டாவதில் ஸ்கேன். மூன்றாவதில் ஆபரேஷன் தேதியும், 'நீ வந்து சும்மா உக்காந்திருந்தா போதும்க்கா' என்ற ஒரு வரியும். நான்காவது, ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் நாள் எழுதியது. குரல் போய்விட்டது, திரும்ப வருமா என்று டாக்டருக்கே தெரியவில்லை என்று. அதைப் படித்துக்கொண்டிருந்தபோது டைப்பிஸ்ட் வந்து, தன் மெயில் கிடைத்ததா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுத்துவந்து வைத்தார்.

ஆறாவது மெயிலைப் பற்றி எழுதாமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. உன் நம்பரிலிருந்து மூன்று தடவை போன் வந்தது. எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும். வீம்பு பிடிக்கிறாய் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை, "பேச வாயில்லையா உனக்கு" என்று கத்திவிட்டு வைத்தேன். அன்றே உன் நம்பரையும் தடுத்துவிட்டேன். அன்று மாலை நீ எழுதியிருக்கிறாய். 'இல்லக்கா. உன் குரலைக் கேக்கத்தான் பண்ணேன்.'

நான் பாவி. இந்தப் பதினான்கு மாதமும் பார்த்தவர்களிடமெல்லாம் உனக்குத் தலைக்கனம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உடனே உனக்குப் பதில் எழுதினேன். நாலே வரி. அரை நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது, அப்படி ஒரு முகவரியே இல்லை என்று. நம்பரைத் தடுப்பிலிருந்து எடுத்துப் போன் செய்தேன், அதுவும் உபயோகத்தில் இல்லை. கடைசி மெயிலை மறுபடி படித்த பிறகுதான் புரிந்தது. வேலையை விடுகிறாய், போனும் மெயிலும் ஆபீஸ் கொடுத்தவை, வெள்ளிக்கிழமையோடு மூடிவிடுவார்கள். எங்கள் ஆபீஸிலும் விலகிப் போகிறவர்களின் பெட்டியை மூடுகிறவள் நான்தான். இரண்டு நாள் அவகாசம் கேட்டவர்களுக்குக்கூடக் கொடுத்ததில்லை. நல்லவேளை, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கும் முகவரியை எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரலாம்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார். சொன்னார்தான். "சித்திகிட்ட நான் எழுதிக் கேட்டிருப்பேன், நீதான் விடலை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என் பெண் அறைக்குள் போய்விட்டாள்.

விடுப்பு கேட்டு மேனேஜர் முன்னால் போய் நின்றேன். "மெயில் போடுங்க மேடம்" என்று விளையாட்டாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "என்னம்மா ஆச்சு, முதல்ல கிளம்புங்க" என்றார். அந்த விதியை அழித்துவிட்டேன். பிரிண்டரையும் பார்த்துக்கொடுத்தேன், உருளைக்குள் ஒரு ஸ்டேப்ளர் பின் மாட்டியிருந்தது. கை பாட்டுக்கு வேலை செய்தது, எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

நாளை மறுநாள் ரயிலில்தான் இடம் கிடைத்தது. கூரியர் எனக்கு ஒரு நாள் முன்னால் வந்துவிடும். நான் தட்டும்போது நீ திடுக்கிடக் கூடாது என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன். உனக்குப் பார்க்கப் பிடிக்காவிட்டால் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். திரும்பிப் போகச் சொல்லாதே.

இருபத்திரண்டாம் தேதி இரண்டாவது ஆபரேஷன் நடந்தால் குரல் திரும்ப வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரிப் படிவத்தில் நெருங்கிய உறவினர் பெயர் கேட்கும் இடத்தை இந்தத் தடவை வெறுமையாக விட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். இதற்குள் வேறு யார் பெயரையாவது எழுதியிருந்தால், அது உன் இஷ்டம். எழுதவில்லையென்றால் நான் வரும்வரை அதை அப்படியே விட்டு வை.

உனக்குக் குரல் வரட்டும், நல்ல கணீரென்று வரட்டும். வந்ததும் முதல் வேலையாக என்னைத் திட்டு. எவ்வளவு நேரமானாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறேன்.

கிளம்பிக்கொண்டிருக்கும்,
உன் அக்கா