புள்ளி வைக்காத வரி

நாள் 1. கப்பல் நேரம் 14:10. சீரிஸ் குறுங்கோளின் சுற்றுப்பாதை.

இன்று காலை 11:42-க்குத் தீ என்று பத்தாங்குழிக் குடியிருப்பின் ஏழாம் கதவை அடைத்தார்கள். உள்ளே என் தம்பி மாசானம் இருந்தான். 11:46-க்கு அந்தப் பகுதியின் காற்றை வெளியே உறிஞ்சி விட்டார்கள். இறந்துபோனான்.

வழக்கமான விவரம்: கப்பல் நலம். சரக்கு, காற்று ஃபில்டர் முந்நூறு பெட்டி. இறங்க அனுமதி வந்தது. இறங்கவில்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் இசக்கித்தாய். தூத்துக்குடி உப்பளத்தில் தலைச்சுமை தூக்கி, உப்பு விற்று, படகு வாங்கி, கப்பல் வாங்கியவள். தனியாகத்தான் ஓட்டுகிறேன். அழுவதற்கு இதை எழுதவில்லை.

பதிவு 11:44, மாசானம்: “அக்கா, தீ அடங்கிட்டு. பொகதான் கெடக்கு. கதவத் தெறக்கச் சொல்லு. கைய வச்சுப் பாத்துட்டேன், சூடே இல்ல.”

அப்படியே குடியிருப்புக்குச் சொன்னேன். கதவுப் பொத்தானில் கை வைத்திருந்தவர் தர்மக்கண், அவர்கள் ஏட்டை வாசித்துச் சொல்கிற ஏட்டையா.

பதிவு 11:45, தர்மக்கண்: “எழுத்து அப்படித்தான் இருக்கு, தாயி.”

நாள் 2. 09:30.

கீழே துக்கம் இல்லை, கொண்டாட்டம். ஏடு பலித்துவிட்டதாம்.

ஏடு என்பது அவர்களுடைய வேதம். முதல் கப்பலில் வந்த பெரியவர் ஒருவர், குரல் கேட்டதாகச் சொல்லி, பிளாஸ்டிக் கீற்றுகளில் ஊசியால் கீறியது. அறுபது வருடம் ஆகிறது. பழைய ஓலைச்சுவடி மாதிரி, ஒரு புள்ளி கிடையாது. குறிலுக்கு மேல் வைக்கும் புள்ளியும் இல்லாததால் எ, ஏ இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஒ, ஓ-வும் அப்படித்தான். வேண்டுமென்றே அப்படிக் கீறினார். ‘எழுத்து ஆண்டவன் தருவது, புள்ளி மனுசன் வைப்பது’ என்பது அவர் வாக்கு. புள்ளி வைத்த ஏடு ஏடே அல்ல.

நாற்பத்திரண்டாம் வரி: எரி வரு நாள எழு கதவு அடை.

தர்மக்கண் வாசித்த விதம்: எரி வரும் நாளில் ஏழாம் கதவை அடை.

பதிவு 09:05, தர்மக்கண், குடியிருப்பு முழுவதுக்கும்: “நாளைக்கு நடக்கப்போறத மனுசன் சொல்ல முடியுமா? முடியாது. ஏடு சொல்லிட்டு. அப்ப அது மனுசன் எழுதுனதுல்ல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் ஒங்களுக்கு?”

எட்டு நாளில் வாக்கெடுப்பு. எல்லாக் கதவுகளின் சாவியும் ஏட்டையா கைக்குப் போகும். இருநூற்றுப் பதினான்கு பேர் மூச்சு அந்தச் சாவியில் இருக்கிறது. மாசானத்துக்கு ‘எழுத்துக்கு இரையானவன்’ என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள். கொலை என்று ஒரு வாயும் சொல்லவில்லை.

நான் சொல்ல வைப்பேன்.

நாள் 3. 16:20.

உள்ளதைச் சொல்கிறேன். அந்த வரி போலியாக இருக்க வேண்டும், தீக்குப் பிறகு கீறியதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முதல் கப்பலின் பழைய படங்களைத் தோண்டினேன். இல்லை. வரி பழையது. அறுபது வருடத்துக்கு முன்பே அங்கே இருக்கிறது.

ஏமாற்றுக்காரன் என்றால் எனக்கு எளிது. ஏமாற்றுக்காரனைச் சந்தையில் நாள்தோறும் பார்த்தவள் நான். தர்மக்கண் நம்புகிறவர். நம்புகிறவனிடம் பேரம் படியாது.

ஆனாலும் ஒன்று. கதவை எழுத்து சாத்தவில்லை, கை சாத்தியது. குறி சொல்கிறவன் கையிலேயே கதவும் இருந்தால் எந்தக் குறிதான் பலிக்காது?

இதைக் கீழே சொன்னேன். பதில் வந்தது.

பதிவு 15:50, குடியிருப்புத் தலைவி உலகம்மை: “தீய யாரு வச்சா மதினி? அதையும் ஏட்டையாவா வச்சாரு? கோவத்துல பேசாதிய.”

தீயை யாரும் வைக்கவில்லை. கம்பி உருகியது. அவள் கேட்டது நியாயமான கேள்வி. பழைய ஒலிப்பதிவுகளைத் தோண்டத் தொடங்கினேன்.

நாள் 4. 10:15.

கிடைத்துவிட்டது.

என் ரேடியோ எல்லாவற்றையும் சேமித்து வைக்கும். நான்கு வருடத்துக்கு முன், பனியை உருக்கி நிலத்தடித் தொட்டி கட்டினார்கள். பம்பு மாட்டியவன் மாசானம். அதற்கு ஏரி என்று பெயர் வைத்தான், ஊர் ஞாபகத்தில் அல்ல, தொட்டி என்றால் யாரும் திறப்பு விழாச் சாப்பாடு போட மாட்டார்கள் என்று. திறப்பு நாள் பதிவைப் போட்டேன்.

தர்மக்கண் குரல்: “நாப்பத்திரண்டாம் வரி பலிச்சிட்டு! ஏரி வரும் நாள், எழு! கதவு அடை! எல்லாரும் எந்திரிங்க, ஏரிக் கதவப் போயி அடைவோம்!”

அதே கீற்று. அதே கீறல். அன்று எரி ஏரியாக இருந்தது. ஏழு, எழுந்திருப்பதாக இருந்தது. அடை என்றால் சாத்து அல்ல, போய்ச் சேர். அன்று அந்த வரி இருநூறு பேரைக் கைதட்டிக்கொண்டு ஒரு கதவுக்கு நடக்க வைத்தது. இன்று ஒருவனைக் கதவுக்குள் வைத்துக் கொன்றது.

பின்னால் மாசானம் குரலும் இருக்கிறது. “அக்கா, கேக்கியா? பம்பு சத்தத்த விட ஏட்டையா சத்தம் பெருசு!” சிரிக்கிறான்.

ஏழு தடவை போட்டுக் கேட்டேன். பிறகு நிறுத்தினேன்.

நாள் 5. 13:00.

இரண்டு பதிவையும் அடுத்தடுத்து ஒலிபரப்பினேன். கூடவே சொன்னேன்: உப்பளத்தில் அளக்கும் முன்னே மரக்காலைக் கவிழ்த்துக் காட்டுவோம். அளந்த பிறகு மரக்காலை மாற்றுகிறவனுக்கு என்ன பெயர்? நடந்த பிறகு படிக்கிற வாக்கு எப்படி நடக்கும் முன் சொன்ன வாக்கு ஆகும்?

குலைந்தார்கள் என்று நினைத்தேன்.

பதிவு 12:40, உலகம்மை: “மதினி, கேட்டு மெய்சிலிர்த்துப் போச்சு. ஒரே வரி ரெண்டு தடவ பலிச்சிருக்கே! அப்ப அது ரெண்டு மடங்கு தெய்வமில்லா?”

மேசையைக் குத்தினேன். கை வீங்கிவிட்டது. இடது கையால் தட்டச்சு செய்கிறேன்.

நாள் 6. 11:42.

சரி. அவர்களுக்கு வேண்டியது சான்று அல்ல. சந்தையில் முதல் பாடம் அது, கோபத்தில் மறந்துவிட்டேன். எவன் எதை வாங்க வந்திருக்கிறானோ அதையே விற்க வேண்டும்.

அடுத்த வரியை எடுத்தேன். நாற்பத்து மூன்று: எடு கொல எழு முன.

தர்மக்கண் இதை ஏற்கெனவே வாசித்துவிட்டார். எடு கோல், எழு முன். கோலை எடு, முன்னே எழு. கோல் என்றால் சாவி அதிகாரம், வாக்கெடுப்பு அதற்குத்தான் என்கிறார்.

நான் வாசித்தேன். ஒலிபரப்பி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன்.

ஏடு கொல், ஏழு முன்.

ஏட்டுக்காரனைக் கொல், ஏழாம் கதவுக்கு முன்.

எது சரி என்று ஏட்டையா புள்ளி வைத்துக் காட்டட்டும். நடக்கும் முன், எல்லார் கண்ணுக்கும் முன்னால். புள்ளி வைத்தால் அது மனுசன் எழுத்து, பெரியவர் வாக்குப்படி ஏடே அல்ல. வைக்காவிட்டால் என் வாசிப்பும் அவர் வாசிப்பும் ஒரே எடை.

முடிவு தெரியும்வரை ஃபில்டர் இறங்காது.

நாள் 7. 08:50.

பதிவு 08:30, உலகம்மை: “மதினி, பழைய ஃபில்டர் இன்னும் மூணு நாளுதான் தாங்கும். பிள்ளைகளுக்குத் தலவலி வருது. மாசானம் இருந்தா இப்படிச் செய்ய விடுவானா?”

விட மாட்டான். அவன் இல்லை.

கீழே பிள்ளைகள் முப்பத்தொன்று. அந்த எண் எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் சரக்கறையைத் திறக்கவில்லை. இதைப் படிப்பவர் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

நாள் 8. 15:05.

கூட்டம் கூட்டினார்கள். ஊசியைக் கொண்டுவந்து தர்மக்கண் கையில் கொடுத்தார்களாம். ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

பதிவு 14:48, தர்மக்கண்: “புள்ளி வைக்க மாட்டேன், தாயி. வச்சா அறுவது வருசமும் பொய்யாப் போவும். ஒந்தம்பி செத்ததும் சும்மா செத்ததாப் போவும். நாஞ் செஞ்சதுக்கு அப்புறம் பேரு வேற. அத என்னால தாங்க முடியாது.”

இரைச்சலுக்கு நடுவே மறுபடி அவரே:

“நானே ஏழுக்குள்ள போறேன். நீ வாசிச்சதும் எழுத்துலதான இருக்கு.”

ஊசியால் ஒரு குத்து. அவ்வளவுதான் கேட்டேன். அதற்குச் சாவே மேல் என்கிறார்.

இரக்கம் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். வந்ததைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

நாள் 9. 10:20.

பேசி முடித்தாயிற்று. உலகம்மை கைச்சாத்திட்டாள். வாக்கெடுப்பு இல்லை. மற்றக் கதவுகளின் சாவி குடியிருப்பிலேயே இருக்கும். மாசானம் பெயரை ஏழாம் கதவில் செதுக்கினார்கள். படம் அனுப்பினார்கள். ம் என்ற எழுத்துக்குப் புள்ளி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். இருக்கிறது.

10:02-க்கு, மறுபடி காற்று நிரப்பிய ஏழுக்குள் தர்மக்கண் நடந்தார். யாரும் தள்ளவில்லை. ஏடு அவர் கையில்.

பதிவு 10:09, தர்மக்கண்: “தாயி, எவ்வளவு நாளு உள்ள இருக்கணும்?”

சொன்னேன்: “எழுத்து அப்படித்தான் இருக்கு, ஐயா.”

10:11-க்கு இங்கிருந்து கதவை அடைக்கும் பொத்தானை அழுத்தினேன். வீங்கிய கையால்தான்.

நாள் 9. 10:40.

ஒப்பந்தம் வருமாறு. முந்நூறு பெட்டி ஃபில்டர் அவர்களுக்கு, இன்றே இறங்கும். தர்மக்கண் எனக்கு. ஏழாம் கதவின் சாவியும் அதன் காற்றைத் திறந்து மூடும் திருகும் என் கப்பலில். அவரை எப்போது, எப்படி வெளியே எடுப்பது என்பது ஒப்பந்தத்தின் கடைசி வரியில் இருக்கிறது. அதை நானே எழுதினேன்.

புள்ளி வைக்கவில்லை.