கதவுக்குள் நின்ற காந்தம்

வைகாசி 9, வியாழன்

மச்சானுடைய அம்பாசிடர் காரில் முன்கதவு இரண்டிலும் இன்று நானே ஸ்பீக்கர் மாட்டினேன். சூரமங்கலத்தில் ஒரு கடைக்காரன் மாட்டுவதை ஒரே தடவை பார்த்ததுதான். அதற்குள் அவனே என்னிடம் இரண்டு சந்தேகம் கேட்டுவிட்டான். கதவை நான் வட்டமாக அறுத்த அழகைப் பார்க்கத் தெருவே கூடி நின்றது. பாட்டு ஓமலூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டே அளவு எடுத்தேன். இறக்கினால் கண்ணாடி வந்து நிற்க வேண்டிய இடத்தில் இப்போது ஸ்பீக்கரின் காந்தம் நிற்கிறது. அக்கா உட்காரும் பக்கத்துக் கைப்பிடியை மச்சான் சுற்றினார். கண்ணாடி பாதியில் டக்கென்று நின்றது.

"ஏன் மாப்ளே, எறங்க மாட்டீங்குது?"

"முழுசா எறங்குனா பாட்டு வெளிய போயிருமுங்க மச்சான். பம்பாயில எல்லாம் இப்படித்தானுங்க."

"அப்படியா" என்று நம்பிவிட்டார். அதுதான் உறுத்துகிறது.

விடிந்ததும் இரண்டு பேரும் கெங்கவல்லிக்குக் கல்யாணத்துக்குப் போகிறார்கள். இந்த வெயிலில் அக்கா கண்ணாடியை இறக்காமல் இருக்காது. நின்றுவிட்டால் விடுகிற ஆளும் இல்லை, இன்னும் அழுத்திச் சுற்றும். உடைந்தால் மடியில்தான் கொட்டும்.

ஸ்பீக்கரைக் கழற்றினால் கதவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை தெரியும். தெரியட்டும். கார் கிளம்புமுன் போய்ச் சொல்லிவிட வேண்டும். இதுவரை மனசுக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நாலிலும் குற்றம் கண்ணாடியின் மேலேயே போய் நிற்கிறது.