அந்த வெள்ளைக்கு என்னைக் கேட்டீர்கள்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தையல் தொழிற்சாலையில் என்னைக் காலர் வரிசையிலிருந்து பொத்தான் வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். விடுப்பு முடிந்து அங்கே திரும்பும் உங்கள் ஷிஃப்ட்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். எட்டுப் பேர் படுக்கிற அறையில் நீங்கள் கிசுகிசுவென்றுதான் பேசுகிறீர்கள். நான் வாய் திறந்தால் போனை வைத்துவிடுகிறீர்கள். போனில் எழுதி அனுப்பினால் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படும்.

பன்னிரண்டு நாளுக்கு முன்பு நீங்கள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். “எனக்கு அங்க வெள்ளையா படியுது. இது பொம்பளைங்களுக்கு வர்றதாம். உன்கிட்டேருந்துதான் வந்திருக்கு. உண்மையச் சொல்லு, யாரு அவன்?” என்றீர்கள். வெள்ளைபடுதல் என்பதைப் பெண்களுக்கு மட்டுமே சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்துவிட்டீர்கள். அதைக் கிளப்பியவர் யாரென்றும் தெரியும். மருந்துக்கடையில் மூன்று மாதம் பெட்டி இறக்கியதற்காக உங்கள் அறையில் எல்லோரும் கம்பவுண்டர் என்று கூப்பிடுகிறவர்.

மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டு டாக்டரம்மாவிடம் போனேன். நீங்கள் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அரிப்பு, முன்தோலுக்கு உள்ளே சிவப்பு, தயிர்த் திட்டு போல வெள்ளை, சிறுநீர் படும்போது எரிச்சல். அவர் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. “ஆம்பளைங்களுக்கும் வரும்மா. பூஞ்சைக்கு ஆம்பளை பொம்பளையெல்லாம் தெரியாது” என்றார். உடம்பில் எப்போதும் கொஞ்சம் இருக்கிற பூஞ்சைதானாம். ஈரமும் சூடும் சேர்ந்தால் பெருகிவிடுமாம். யாரிடமும் போகாதவருக்கும் வருமாம். ஆனால் வேறு சில நோய்களும் பார்க்க இப்படியே இருக்கும், நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது, நீங்கள் அங்கேயே ஒரு டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும் என்றார்.

நீங்கள் போட்டுவரும் களிம்பைச் சொன்னதும்தான் அவருக்குக் கோபம் வந்தது. அறையில் எல்லோருடைய படர்தாமரைக்கும் கம்பவுண்டர் எடுத்து நீட்டும் அதே டியூப். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதாம். இரண்டு நாள் அரிப்பை அமுக்கிவிட்டு, உள்ளே பூஞ்சையை வளர்த்துவிடுமாம். இன்றே நிறுத்துங்கள். கிருமிநாசினி சோப்பைப் போட்டுத் தேய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் மட்டும் கழுவி, ஈரம் போக ஒற்றி எடுத்த பிறகு உடுத்துங்கள். பூஞ்சைக்கென்றே களிம்பு இருக்கிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடுமாம். அரிப்பு நின்றதும் தூக்கிப் போடாமல், டாக்டர் சொன்ன நாள்வரை போடுங்கள்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. நீங்கள் ரத்தத்தில் சர்க்கரை பார்த்தீர்களா என்று கேட்டார். வேலையில் மூன்று பாட்டில் தண்ணீரும் போதவில்லை என்றும், ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு அடிக்கடி கழிவறைக்கு ஓடுவதால் சூப்பர்வைசர் திட்டுகிறார் என்றும், உடம்பு இளைத்துப் பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன் என்றும் நீங்கள் வேடிக்கையாகச் சொன்னீர்களே, அதையெல்லாம் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சர்க்கரை ஏறினால் பூஞ்சை இப்படித்தான் வருமாம். இனி ஒரு நாளும் கடத்தக் கூடாது என்றார். சர்க்கரையால் மாமாவின் கால் எப்படிப் போயிற்று என்று உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை.

தொற்று நோய் ஏதும் இருக்கிறதா என்று என்னையும் சோதித்தார்கள். முடிவு எழுதிய சீட்டு என் பையில் இருக்கிறது. இந்த உறையில்தான் வைத்தேன். ஒட்டுவதற்கு முன் வெளியே எடுத்துவிட்டேன். சீட்டைப் பார்த்த பிறகு வருகிற நம்பிக்கை எனக்கு வேண்டாம்.

என்மேல் உள்ள கோபத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதும் இங்கே இருக்கிறது, எங்கும் போய்விடாது. அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். இதைப் படித்த அன்றே சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, வந்த சர்க்கரை எண்ணை மட்டும் அனுப்புங்கள். கூட ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

எழுதுவது,
உங்கள் மனைவிதான்.